பிழைகளுக்கு ஒரு குறிப்பேடு



காயல்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் என் மேசையின்மீது இருக்கிறது. வணிகவியல் பட்டம் பெற்றவர். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் நிலைப் பணிக்கான முதல்நிலைத் தேர்வை இருமுறை எழுதியிருக்கிறார். கணக்கில் நல்ல மதிப்பெண். அறிவுத்திறன் பகுதியிலும் குறையில்லை. இருமுறையும் ஆங்கிலப் பகுதியில் தகுதி மதிப்பெண்ணை எட்டாமல் வெளியேறினார். "இலக்கண நூலை மூன்று தடவை முடித்துவிட்டேன், உஸ்தாத். விதியைக் கேட்டால் ஒப்பிக்கிறேன். வினாத்தாளைக் கண்டால் எல்லா வாக்கியங்களும் சரியாகவே தோன்றுகின்றன. இந்த ஆண்டோடு போதும் என்று வாப்பா சொல்லிவிட்டார்கள்" என்று முடிகிறது கடிதம்.

இப்படி எழுதுகிறவர் இவர் ஒருவரல்லர். ஆகவே பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் தேர்வின் அமைப்பைப் பாருங்கள். இம்முதல்நிலைத் தேர்வில் 100 வினாக்கள், 60 நிமிடங்கள். ஆங்கிலத்துக்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள். அதாவது ஒரு வினாவுக்கு 40 விநாடிகள். மொத்த மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், மூன்று பகுதிகளிலும் தனித்தனியே தகுதி பெற்றாக வேண்டும். எழுத்தர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் எழுதலாம் என்று 2021-இல் மைய நிதியமைச்சகம் அறிவித்தது. நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் தமிழ் துணை வருவது கணக்கு முதலிய பகுதிகளுக்கே. ஆங்கிலப் பகுதியை ஆங்கிலத்திலேதான் கடக்க வேண்டும். மையப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்விலும் முதற்கட்டத்தில் 25 வினாக்கள், 50 மதிப்பெண்கள் ஆங்கிலத்துக்கே உரியவை.

இனி அச்சகோதரியின் நோய்க்கு வருவோம். "எல்லாம் சரியாகவே தோன்றுகின்றன" என்கிறாரே, நோய் அங்கேதான் இருக்கிறது. பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் வாக்கியத்தை அவர் கண்ணால் படிக்கிறார். காது தமிழில் கேட்கிறது. தமிழ் வாக்கிய அமைப்புக்குப் பொருந்திவிட்டால், பிழை அவருக்குப் பிழையாகத் தெரிவதில்லை. வினாத்தாள் தயாரிப்பவருக்கோ, மாணவர்கள் எங்கே வழுக்குவார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'தி குவாலிட்டி ஆஃப் தீஸ் மேங்கோஸ் ஆர் குட்.' பத்து மாணவரிடம் கொடுத்தால் பலரும் சரி என்பர். தமிழில் "இம்மாம்பழங்களின் தரம் நன்றாக இருக்கிறது" என்கிறோம். பழங்கள் முன்னே போய்விடுகின்றன. தரம் என்னும் எழுவாய் வினைக்கு நெருங்கி நிற்கிறது. ஆகவே ஒருமை பன்மை குழம்ப வழியில்லை. ஆங்கிலத்தில் தரம் முதலிலேயே வந்துவிடுகிறது. அதற்கும் வினைக்கும் இடையே மாம்பழங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. காதில் கடைசியாக விழுந்தது பழங்கள். உடனே பன்மை வினையைப் போட்டுவிடுகிறோம். வேண்டியது 'ஈஸ்'. இத்தகைய வினாவைக் கண்டால் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். வினைக்கு எழுவாய் எது என்று தமிழே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆம், தமிழ் எப்போதும் பகையல்ல. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். "என் நண்பர்களில் ஒருவர் வந்தார்" என்பதில் நண்பர்கள் பன்மை, வந்தார் ஒருவர். ஆங்கிலமும் அதையேதான் கேட்கிறது: 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மை, வினை மட்டும் ஒருமை. 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டும் குழப்புகின்றனவா? 2019 "முதல்" என்று தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ்'; மூன்று ஆண்டுகள்"ஆக" என்று கால நீளத்தைச் சொன்னால் 'ஃபார்'. ஆனால் அதே வாக்கியத்தின் வினையில் தமிழ் நம்மைக் கவிழ்த்துவிடும். "மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் 'ஐ ஆம் ஒர்க்கிங்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே வேண்டியது 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்'.

பிறமொழிச் சொல்லுருபுகள் ஒட்டிக்கொள்வதும் இப்படித்தான். ஒன்றைப் "பற்றி" விவாதிக்கிறோம். ஆகவே 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறோம். ஒருவ"ருடன்" திருமணம் நடக்கிறது. ஆகவே 'மேரீட் வித்' என்கிறோம். முன்னதற்கு 'அபவுட்' வேண்டாம். பின்னதற்கு 'டு' வேண்டும். தகவல்கள், அறிவுரைகள், தட்டுமுட்டுச் சாமான்கள் என்று தமிழில் தாராளமாகப் பன்மை சொல்கிறோம். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' ஆகியவை ஆங்கிலத்தில் பன்மை விகுதி ஏற்பதில்லை.

நம் வீடுகளில் பலருக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. 'எ', 'ஆன்', 'தி' என்னும் மூன்று சிறு சொற்கள் தமிழருக்குத் தீராத் தலைவலி. தமிழில் அவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. ஆனால் மத்ரஸாவில் நஹ்வு ஓதத் தொடங்கிய பிள்ளைக்கு அவ்வேறுபாடு முன்பே தெரியும். "கிதாபுன்" என்றால் ஏதோ ஒரு நூல். "அல்கிதாபு" என்றால் பேசுகிறவரும் கேட்கிறவரும் அறிந்த அந்த நூல். முன்னது 'எ புக்', பின்னது 'தி புக்'. இதை நான் வகுப்பில் சொன்னபோது, ஆங்கிலத்துக்கு அஞ்சி நடுங்கிய மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

'எ' எங்கே, 'ஆன்' எங்கே என்பது எழுத்தைப் பொறுத்ததன்று, ஒலியைப் பொறுத்தது. 'ஹவர்' என்று நாம் சொல்லும் சொல்லில் முதலெழுத்து ஒலிப்பதில்லை, ஆகவே 'ஆன்'. 'யுனிவர்சிட்டி' உயிரெழுத்தில் தொடங்கினாலும் அதன் ஒலி யகரம், ஆகவே 'எ'. குர்ஆன் ஓதத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. "அஷ்ஷம்ஸு" என்பதில் லாம் எழுத்தில் இருக்கிறது, ஒலியில் இல்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: அரபியை அளவுக்குமேல் நம்பவும் கூடாது. அரபியில் "அல்ஹயாத்து" என்பதால், எங்கள் மாணவர்கள் வாழ்க்கை குறுகியது என்பதை 'தி லைஃப் ஈஸ் ஷார்ட்' என்று எழுதுவார்கள். பொதுவாக வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது ஆங்கிலத்தில் அங்கே 'தி' வராது.

சொல்வளத்தைப் பற்றிச் சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2004-இல், பட்டப்படிப்பு முடித்த வேகத்தில், ஒரு வங்கித் தேர்வுக்கு நானும் படித்தேன். அகராதியை எடுத்து முதல் எழுத்திலிருந்து மனப்பாடம் செய்தேன். ஃபஜ்ரு தொழுகைக்குப்பின் நாளொன்றுக்கு இருபது சொற்கள். தேர்வு நாள் வந்தபோது நான்காம் எழுத்தில் பாதியைக் கடந்திருந்தேன்! வினாத்தாளில் எனக்குத் தெரிந்த சொற்களும் வந்தன. ஆனால் கேட்கப்பட்டது பொருள் அன்று. வெற்றிடத்தில் பெயர்ச்சொல் வருமா, பெயரடை வருமா என்பதுதான். பொருளை மட்டும் உருப்போட்ட எனக்கு அது பிடிபடவில்லை. ஸர்ஃபு ஓதிய நான் அப்படிப் படித்திருக்கக் கூடாது என்ற வெட்கம் இன்றும் உண்டு.

இல்மு, ஆலிம், முஅல்லிம், தஃலீம், மஃலூம் ஆகியவற்றை ஐந்து தனிச் சொற்களாக யார் மனப்பாடம் செய்கிறார்கள்? ஒரே வேரின் கிளைகள் அவை. ஆங்கிலச் சொல்லையும் குடும்பத்தோடு கற்க வேண்டும். 'டிசைட்' என்று எழுதினால் அதன் கீழே 'டிசிஷன்', 'டிசைசிவ்', 'டிசைசிவ்லி' மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் அமையுங்கள். இலத்தீன் வேர்களும் உதவும்: சுமத்தல் என்னும் பொருளுள்ள 'போர்ட்' என்பதை அறிந்தால் 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்', 'போர்ட்டபிள்' யாவும் ஒரே வலையில் விழும். ஆனால் வேரும் சில வேளை ஏமாற்றும். 'பெடஸ்ட்ரியன்' என்பதில் இருப்பது கால். 'பீடியாட்ரிக்ஸ்' என்பதில் இருப்பது குழந்தை. எழுத்து ஒன்றுபோலிருந்தும் வேர் வேறு. (கட்டண விகிதத்தைக் குறிக்கும் 'டாரிஃப்' நம் மத்ரஸாக்களில் நாளும் ஒலிக்கும் "தஃரீஃப்" என்ற அரபிச் சொல்லோடு உறவுடையது என்பது மாணவர்களுக்கு நான் சொல்லும் வேடிக்கைகளில் ஒன்று.)

அகராதி வாங்கும்போது ஆங்கிலம்–தமிழ் அகராதியோடு நின்றுவிடாதீர்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பார், ஆங்கிலத்தை அயல்மொழியாகப் பயில்வோருக்கென்றே ஓர் அகராதியைத் தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அது, 1948 முதல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாயிற்று. அதன் இன்றைய பதிப்புகளில் ஒரு பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா, அன்றா என்ற குறிப்பு இருக்கும். 'ஃபர்னிச்சர்' தொல்லை அங்கேயே தீரும். பழைய பதிப்பு நடைபாதைக் கடையில் கிடைத்தாலும் போதும். ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூலை அச்சகோதரி மூன்று தடவை முடித்ததாகச் சொல்கிறார். அது முதல் பக்கத்திலிருந்து ஓதி முடிக்க வேண்டிய கிதாபன்று. பிழை செய்த அன்று, அப்பிழைக்குரிய பகுதியை மட்டும் திறந்து பார்க்க வேண்டிய நூல்.

இப்போது வேலைக்கு வருவோம். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். தினமும் முந்தைய ஆண்டுகளின் வினாக்களில் இருபதை மட்டும் செய்யுங்கள். முதல் மாதம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். தவறியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சரியான விடையை மட்டும் எழுதினால் பயனில்லை. நான் எதைத் தேர்ந்தேன், ஏன் அது எனக்குச் சரியாகத் தோன்றியது என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள். "மாம்பழத்தைப் பார்த்து ஏமாந்தேன்" என்று எழுதினாலும் போதும். மூன்று வாரத்தில் ஓர் உண்மை புலப்படும்: நீங்கள் நூறு வகைப் பிழை செய்யவில்லை, ஏழெட்டு வகையைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள். அந்த ஏழெட்டுக்கு மட்டும் இலக்கண நூலைத் திறந்தால் போதும்.

இன்னொரு பயிற்சி மிகப் பழையது. முதலாம் எலிசபெத் அரசியாருக்கு ஆசிரியராயிருந்த ரோஜர் ஆஸ்கம் இலத்தீன் கற்பிக்க வகுத்த முறை. அவர் மறைந்தபின் 1570-இல் வெளியான நூலில் விளக்கப்பட்டுள்ளது. நல்ல ஆங்கில நாளேட்டிலிருந்து ஆறு வரி எடுங்கள். தமிழில் பெயர்த்து எழுதி, மூலத்தை மூடி வையுங்கள். மூன்று நாள் கழித்து அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே 'தி' விட்டுப்போயிற்று, எங்கே வினை மாறிற்று என்று உங்கள் கையெழுத்தே காட்டும். பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் கட்ட இயலாதவர்க்கு இதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது.

இரண்டாம் மாதத்திலிருந்து கடிகாரம் வரட்டும்: 30 வினா, 20 நிமிடம். தெரியாத வினாவைக் குருட்டாம்போக்கில் குறிக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வங்கித் தேர்வில் சரியான விடைக்கு 1, தவறுக்குக் கால் மதிப்பெண் குறைப்பு, விடைகள் ஐந்து. ஐந்து வினாவைக் கண்ணைமூடிக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 1 வரும், நான்கு தவறாகி 1 போகும். மிச்சம் ஒன்றுமில்லை, நேரம்தான் வீண். ஆனால் ஐந்தில் இரண்டு விடைகளை உறுதியாக அடித்துவிட முடிந்தால் கணக்கு மாறுகிறது. அத்தகைய மூன்று வினாக்களில் ஒன்று சரியானாலும், இரண்டு தவறுக்கு அரை போக, அரை மதிப்பெண் மிஞ்சும். ஆகவே ஒன்றும் தெரியாததை விட்டுவிடுங்கள். பாதி தெரிந்ததைக் குறியுங்கள்.

அச்சகோதரியின் வாப்பாவுக்கு ஒரு சொல். உங்கள் மகள் மூன்றில் இரண்டு பகுதிகளை ஏற்கெனவே கடந்தவர். அவருக்குக் குறைவது அறிவன்று. தினமும் இடையூறில்லாத ஒன்றரை மணி நேரம். விருந்தினர் வந்தாலும் அந்நேரத்தில் அவரைச் சமையலறைக்கு அழைக்காதீர்கள் என்று வீட்டாரிடம் நீங்கள் சொன்னால் எடுபடும். அவர் சொன்னால் எடுபடாது. அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்வரையாவது இந்த உதவியைச் செய்யுங்கள்.

சகோதரிக்கு: குறிப்பேட்டின் முதல் பத்துப் பக்கம் நிரம்பியதும் நகலெடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். பத்தியைப் படித்து விடையளிக்கும் வினாக்களைப் பற்றி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.