எண்ணெயை அளந்தீர்கள், ஏரியைக் கேட்டீர்களா?

டயட்டில் இருக்கிறீர்களா? சந்தோஷம். ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு, சோறு ஒரு கரண்டி, சுட்ட மீன் 150 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன்... உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் நான் குற்றம் சொல்லப் போவதில்லை. எண்ணெயில் குளித்து எழுந்த வஞ்சிர வறுவலைவிட, சுட்ட மீன் இடுப்புக்கு நல்லதுதான்.

ஆனால் அந்த அட்டவணையில் ஒரு கேள்வி மட்டும் இல்லை. இந்த மீன் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?

லீவுக்குக் கொடைக்கானல் போகிறீர்கள். தங்கிய வீட்டில் அடுப்பு இருக்கிறது. மார்க்கெட்டில் மலைப்பூண்டு வாங்குகிறீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, காரம் மண்டையில் ஏறும். நாலு பல், மிளகு, மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு. அரைத்து, மீனைக் கீறித் தடவி, அரைமணி ஊறவிட்டு, வாட்டின வாழை இலையில் மடித்து, தோசைக்கல்லில் வைத்து மூடிவிட்டால் அந்தக் குளிருக்கு வாசனை ஆளையே தூக்கும். எல்லாம் சரி. மீன்? ‘ஏரியில பிடிச்சது சார், இன்னும் துடிக்குது’ என்று ஒருத்தர் நீட்டினால், ஃப்ரெஷ்ஷாச்சே என்று வாங்கிவிடுவீர்கள்தானே?

கொஞ்சம் நில்லுங்கள்.

1863-ல் லெவிஞ்ச் துரை ஓடைக்குக் கரை கட்டி உருவாக்கிய ஏரி அது. 1980-களில் அமெரிக்காவில் வேண்டாம் என்று மூட்டை கட்டிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு ஹிந்துஸ்தான் லீவர். 2001-ல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் 7 டன்னுக்கு மேல் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ்காரர்களும் வெளியே சொன்னார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உதவித்தொகை தர உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. அதுவரை அவர்கள் நடந்த நடை இருக்கிறதே, அது தனிக் கதை.

தொழிற்சாலையின் தண்ணீர் வழிவது பாம்பார் சோலைப் பக்கம். ஏரிக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? காற்றில்! அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வு மையத்தார் ஏரித் தண்ணீர், சேறு, மீன் மூன்றையும் சோதித்தார்கள். மூன்றிலும் பாதரசம். தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசத்தால்தான் ஏரி கெட்டது என்று 2006-ல் எழுதியும் விட்டார்கள். வெளியே சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்பது கம்பெனியின் பேச்சு.

சேற்றில் விழுந்த பாதரசம் சும்மா கிடக்காது. கிருமிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அதைப் பாசி எடுக்கும், பாசியைக் குட்டிமீன் தின்னும், குட்டியைப் பெரிசு தின்னும். படிக்குப் படி அளவு கூடும். இது கொழுப்பில் தங்குகிற சரக்கு அல்ல, சதையில், புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எந்தப் புரதத்துக்காக உங்கள் அட்டவணை மீனைச் சிபாரிசு செய்கிறதோ, அதே புரதம். தோலை உரித்தாலும் போகாது. எலுமிச்சைக்கும் பயப்படாது. சுட்டால் தண்ணீர்தான் வற்றும். பாதரசம் அப்படியே இருக்கும். ஜப்பானில் மினமாட்டா வளைகுடா மீனைத் தின்றவர்கள் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தது 1956-ல் உலகத்துக்குத் தெரிந்தது. வயிற்றிலிருந்த பிள்ளைகளையும் அது விடவில்லை.

கொடைக்கானல் மினமாட்டா என்று பீதி கிளப்பவில்லை. டூரிஸ்ட்டாகப் போய் ஒருவேளை தின்ற உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. என் கவலை, அதே ஊரில் குடியிருந்து, மலிவாகக் கிடைக்கிற மீனை வாராவாரம் குழம்பு வைக்கிற வீட்டைப் பற்றியது. அந்த வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால்?

2006 கணக்கையே இன்னும் எத்தனை வருஷத்துக்கு நான் எழுதிக்கொண்டிருப்பது? அமெரிக்காவில் எந்த ஏரியில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை தின்னலாம் என்று மாநில அரசுகளே பட்டியல் போடுகின்றன. நம் ஏரியில் படகுச் சவாரிக்கு எவ்வளவு கட்டணம் என்று பலகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, இந்த வருஷம் மீனைச் சோதித்தோம், பாதரசம் இவ்வளவு, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தின்னலாம் அல்லது கூடாது என்று தமிழில் நாலு வரி எழுதத் தெரியாதா? மீன்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை இது. சுத்தமாக இருக்கிறது என்றால் அதையும் எழுதட்டும், மீன் பிடிக்கிறவர் பிழைப்பாவது நடக்கும்.

இன்று ராத்திரிக்கு என்ன செய்வது என்கிறீர்களா? வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஐஸில் ஏறி வருகிற கடல் மத்தி இருக்கிறதா பாருங்கள். சின்ன மீன், ஆயுசு குறைச்சல், பாதரசம் சேர நேரமில்லை. மலைப்பூண்டு மசாலா அதற்கும் பிரமாதமாகப் பிடிக்கும். பையை நீட்டுவதற்கு முன்னால் மட்டும் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்: ‘எந்தத் தண்ணி மீனுங்க இது?’