முதியோரின் நடைக்கேற்ற வனப் பயணம்

பெற்றோரை வனப்பூங்காவுக்கு அழைத்துச் செல்வது நற்செயலே. ஆயினும் பயணத்தை நம் கால்களுக்கேற்ப வகுத்துவிட்டு, அவர்களைப் பின்தொடரச் சொல்வது நியாயமன்று.

நானும் அத்தவறைச் செய்தவனே. படமெடுப்பதில் பெருவிருப்பம் கொண்ட என் வாப்பாவை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றேன். 2,100 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதை. காலை முதிர்ந்தால் ‘உலக முடிவை’ மூடுபனி மறைத்துவிடும் என விரைந்தோம். பாதிவழியில் அவர் ஒரு கல்லின்மீது அமர்ந்து, “நீங்க போய் வாங்க மகன்” என்றார். கருவி அவர் பையிலேயே இருந்தது.

மின்னேரியாவைத் தேர்ந்திருக்கலாம். வறட்சிக் காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரை, குளம் வற்றி வெளிப்படும் புல்தரையை நாடி யானைகள் பெருங்கூட்டமாய் வருகின்றன. பிற்பகலில் ஜீப்பில் அமர்ந்தவாறே படமெடுக்கலாம். பின்வரிசையில் குலுக்கல் மிகுதி. முன்வரிசையை முதியவருக்குக் கொடுங்கள். கனத்த முக்காலி வேண்டாம். அரிசி நிரப்பிய சிறு துணிப்பை கருவியைத் தாங்கும். மருந்து, குடிநீர், கழிப்பறை வசதி ஆகியவற்றை உள்ளே நுழையுமுன் கவனியுங்கள். ஓட்டுநரிடம் மெதுவாகச் செலுத்துமாறு முதலிலேயே கூறிவிடுங்கள்.

பயணிக்குத் தொழுகையையே சுருக்கித் தந்தது நம் மார்க்கம். அந்த இலகுவை நம் பெற்றோருக்கு நாம் மறுக்கலாமா? அடுத்த விடுமுறைக்கு இடத்தைத் தீர்மானிக்குமுன், அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.