மலை மீனும் குளத்து மீனும்

கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் ஓடி வருகின்றது. அதன் தலைப்பக்கமாகிய நுவரெலியா மலைகளின் ஓடைகளில் 'ட்ரவுட்' என்னும் மீன் வாழ்கின்றது. திருகோணமலைப் பகுதியை அவ்வாறு அடையும்போது அம்மீனில் ஒன்றையேனும் காண முடியாது. காரணம் யாது?

ட்ரவுட் குளிர்நாட்டு மீன். தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஆங்கிலேயர், 1880களில் அதன் முட்டைகளைக் கப்பலில் வரவழைத்தனர். 6,000 அடி உயரத்து ஓடைகளிற் குஞ்சுகளை விட்டனர். முதலில் வந்த ஐரோப்பிய இனம் நிலைக்கவில்லை. பின்னர் வந்த அமெரிக்க 'வானவில் ட்ரவுட்' நிலைத்தது. நீர் சூடேறச் சூடேற, அதிற் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 20 பாகை செல்சியசைத் தாண்டிய நீரில் ட்ரவுட் வாடத் தொடங்கும். ஆகவே, சமவெளியின் வெதுவெதுப்பான நீரே அதற்கு மதிலாய் நிற்கின்றது.

இனிக் கந்தளாய்க்கு வருவோம். குளக்கோட்டன் பெயரோடு நம்மவர் போற்றும் அப்பெருங்குளத்தில் வலை வீசுவோருக்குக் கிடைப்பது திலாப்பியா. அதுவும் அந்நிய மீனே. ஆபிரிக்காவுக்குரிய அம்மீன் 1952இல் இலங்கைக்கு வந்தது. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயில் வைத்தே காத்துக் குஞ்சு பொரிக்கும். வெப்பமான நீர் அதற்கு உவப்பானது. இன்று நம் நாட்டுக் குளங்களிற் பிடிபடும் மீனிற் பெரும்பகுதி அதுவே. கடலுக்குத் தொலைவிலுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மலிவான கறியும் அதுவே.

ஒன்று சிலரின் பொழுதுபோக்குக்காக வந்தது; மற்றது பலரின் பசிக்காக வந்தது. எனினும், இரண்டும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. நீரில் விட்டுப் பெருகிய மீனை மீட்பது அரிது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் சிற்றிறால் இனமொன்று ட்ரவுட்டுக்கு இரையாகின்றது. வேறெங்கும் இல்லாத அவ்வினம் அங்கு அழிந்தால், உலகிலேயே அழிந்ததாகும்.

மாணவர்களே! கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் பெருத்துவிட்டால், அதைக் குளத்திற் கொண்டுபோய் விடுவது கருணையென எண்ணுவோர் உளர். அது கருணையன்று. அம்மீன் அக்குளத்திற் பெருகினால் அங்குள்ள சிறுமீன்களின் கதி என்னாகும்? வளர்க்க இயலாவிடின் வாங்கிய கடையிலோ, வளர்க்க விரும்பும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள். குளத்தில் மட்டும் விடாதீர்கள்.