இரவல் பெயரில் ஓர் இரவுப்பூ

ஆண்டுதோறும் மழைக்காலம் நெருங்கியதும் நம் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் தவறாது இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வீட்டு மாடியில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நள்ளிரவில் மலரும் அபூர்வ பிரம்ம கமலம் மலர்ந்திருக்கும். வீட்டார் சூடம் காட்டியிருப்பர். அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து வணங்கியிருப்பர். செய்தியாளர் சற்றே உற்சாகமானவராயின் ஓராண்டு பன்னிரண்டாண்டாக நீளும். இச்செய்தியில் உண்மை இரண்டே: பூ மலர்ந்தது, இரவில் மலர்ந்தது. ஆண்டுக்கொருமுறை என்பதும், அபூர்வம் என்பதும், பிரம்ம கமலம் என்பதும் பிழை.

ஒரு பூவின் பெயரில் நேர்ந்த பிழைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையா என்று கேட்கலாம். தேவை என்றே நாம் கருதுகிறோம். இப்பிழையால் இழப்புறுவோர் உளர். அவர்களுள் ஒன்று இமயத்தின் மேலிருக்கும் செடி. மற்றொருவர் நம் வீட்டு மாடியிலேயே நிற்பவர்.

முதலில் செடியின் ஊரைச் சொல்லிவிடுவோம். தாவரவியலார் எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம் என்றழைக்கும் இது காக்டஸ் குடும்பத்தது. தெற்கு மெக்சிகோவும் குவாதமாலாவும் அவற்றை அடுத்த நடு அமெரிக்க ஈரக்காடுகளும் இதன் தாயகம். 1828இல் தெ காந்தோல் என்னும் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் இதனை விவரித்தார். மறு ஆண்டில் ஹாவொர்த் என்னும் ஆங்கிலேயர் இன்று வழங்கும் பெயரை இட்டார். காக்டஸ் குடும்பம் ஏறத்தாழ முழுவதுமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ரிப்சாலிஸ் பாக்கிஃபெரா என்னும் ஒரே ஓர் இனம்தான் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது. எனவே, 1492இல் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன்பு இங்கே எழுந்த எந்தப் புராணமும் எந்த நிகண்டும் நம் மாடிச் செடியைக் கண்டிருக்க வழியே இல்லை.

சங்கப் பாடல்களில் கள்ளி வருகிறதே என்று நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். குறுந்தொகையின் 16ஆம் பாடலில் பல்லி ஒலிக்கும் கள்ளியங்காடு யூஃபோர்பியா வகையினது, கிள்ளினால் பால் வடிவது, இம்மண்ணுக்கே உரியது. காக்டஸ் அதற்கு உறவன்று; உருவத்தால் மட்டுமே ஒத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு காக்டஸை நம்மவர் அவ்வொற்றுமை கருதிக் கள்ளி என்றனர்; ஆனால் சப்பாத்தி என்னும் அடையை முன்னே நிறுத்தி, இது வேறு என்பதையும் அறிவித்தனர். பெயரிடுவதில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச நேர்மை அது.

இனி, பெயருக்கு உரிய பிரம்ம கமலத்தைப் பார்ப்போம். அது சொசூரியா ஓப்வலாட்டா, சூரியகாந்திக் குடும்பம், உத்தராகண்டின் மாநில மலர். இமயத்தில் மரங்கள் வளராத உயரத்தில், ஏறத்தாழ 3500 மீட்டருக்கு மேல், பாறைச் சரிவுகளில் மழைக்காலத்தில் பூப்பது. காகிதம் போன்ற வெளிர்மஞ்சள் செதில்கள் ஒன்றையொன்று தழுவி மூட, உள்ளே கருநீலச் சிவப்பில் சிறு பூக்கள் கொத்தாக ஒடுங்கியிருக்கும். கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் இறைவனுக்குச் சாத்துவது இதனையே. வழிபாட்டுக்கும் மருந்துக்குமாக அளவின்றிப் பறிக்கப்படுவதால் அருகிவருவதும் இதுவே.

சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி பிரம்ம கமலம் பூக்கிறது என்று நம்பும் ஒருவரிடம் போய், பிரம்ம கமலம் அருகிவருகிறது, மலையேறும்போது பறிக்காதீர் என்று சொன்னால் அவர் சிரிப்பார். பக்கத்து வீட்டில் ஒரே இரவில் பத்துப் பூ பூத்ததை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். ஓர் உயிர் அழிவதற்கு முன்பே அதன் பெயர் வேறோர் உயிரின் மேல் ஏறி அமர்ந்துகொண்டால், அழிவு எவர் காதிலும் விழாது. முதல் இழப்பு இது.

இரண்டாவது இழப்பைச் சொல்ல, இச்செடி வளரும் விதத்தைச் சொல்லவேண்டும். தன் காட்டில் இது மண்ணில் வேரூன்றுவது அரிது. மரக்கிளையின் கவட்டில் சேர்ந்த சருகு மட்கில் வேர்விட்டுத் தொங்கும் தொற்றுத்தாவரம் இது. புல்லுருவியைப்போல் மரத்தை உறிஞ்சுவதன்று. நாம் இலை என்று எண்ணுவது இலையன்று, தட்டையாகிப் பசுமை பூண்ட தண்டு. பேரினத்தின் கிரேக்கப் பெயரும் இலைமேல் என்றே பொருள்படும். பெயரிட்டவரும் இம்மயக்கத்துக்குத் தப்பவில்லை. ஆயினும் உற்றுப் பார்த்ததால் நேர்ந்த பிழை அது. நம்முடையது பாராமையால் நேர்ந்தது.

ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் கிடத்தி, பிறகு நட வேண்டும். வயல் களிமண் ஆகாது. தேங்காய்நார்க் கழிவும் இலைமட்கும் மணலும் கரித்துண்டும் கலந்த, நீர் தேங்காத கலவையே வேண்டும். காலை வெயில் நல்லது. சித்திரை வைகாசியின் உச்சிவெயில் தண்டை மஞ்சளாக்கி வாட்டிவிடும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றவேண்டும். அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தவேண்டும். மாவுப்பூச்சி பிடித்தால் ஈரத்துணியால் கணுக்கணுவாகத் துடைக்கவேண்டும். தழைச்சத்தை வாரிக் கொட்டினால் தண்டு நீளுமே தவிரப் பூ வராது. தொட்டி சற்று நெருக்கமாக இருந்தால் நல்லது. அடிக்கடி மாற்றி நடலாகாது. இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்தால் தண்டின் விளிம்பிலுள்ள வெட்டு ஒன்றில் செந்நிறமாய் ஒரு சிறு முளை தோன்றும். அது வளர்ந்து, காம்பு வளைந்து, மொட்டு மேல்நோக்கி நிமிரச் சில வாரங்கள் செல்லும். அதற்குள் இடம் மாற்றினாலோ காயவிட்டாலோ மொட்டு உதிரும்.

பூக்கும் நாளில் இருள் சூழ்ந்தபின் இதழ்கள் நெகிழத் தொடங்கும், நள்ளிரவையொட்டி முழுதும் விரியும், விடியுமுன் துவளும். வெண்மையும் மணமும் இருளில் பறக்கும், நீண்ட உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. செடியின் பிற வேலைகளும் இரவில்தான். காக்டஸ்கள் நீரைச் சேமிக்கப் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை ஈர்ப்பவை. நலமாக வளர்ந்த செடி ஓராண்டில் இரண்டு மூன்று தவணையாகப் பூக்கும். முதிர்ந்த செடி ஓரிரவில் பத்துக்கு மேலும் தரும். ஆண்டுக்கொருமுறை என்னும் கதை பூவைப் பற்றியதன்று. கவனித்தவரின் எண்ணிக்கையைப் பற்றியது.

இத்தனையும் செய்தவர் எவர்? பெரும்பாலான வீடுகளில் அவ்வீட்டுப் பெண். அரிசி களைந்த நீரைக் கீழே கொட்டாமல் தொட்டிக்குக் கொண்டுவந்தவர். மதிற்சுவருக்கு மேலாக அடுத்த வீட்டுக்குத் துண்டு ஒடித்துக் கொடுத்தவர். இச்செடி நம் ஊர்களில் பரவியது பெரிதும் இத்தகைய கைமாற்றத்தால்தான். விதையின்றித் துண்டால் பெருகுவதாகையால், தெருவிலுள்ள பத்துச் செடிகளும் பெரும்பாலும் ஒரே உடலின் பத்துக் கிளைகளாக இருக்கும். அபூர்வம் என்னும் சொல் இங்கே எத்துணைப் பொருந்தாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் செய்தியில் அப்பெண்ணின் மூன்றாண்டு உழைப்பு எங்கே? பூ மலர்ந்தது வீட்டின் பாக்கியம், தெய்வத்தின் வருகை. வளர்த்தவர் தட்டேந்தி நிற்கும் பக்தையாகச் சுருங்கிவிடுகிறார். அதோடு முடிவதுமில்லை. பூத்தால் பாக்கியம் என்றால், பூக்காத வீட்டுக்கு என்ன பெயர்? வெயில் குறைந்த மூலையில் வைத்ததால் பூக்காமற்போன செடியைக் காட்டி, இந்த வீட்டுக்குக் கொடுப்பினை இல்லை என்று யாரோ ஒருவர் சொல்லத்தான் போகிறார். அச்சொல் எவர்மேல் போய் விழும் என்பதை நம் குடும்பங்களின் வழக்கம் அறிந்தோருக்கு விளக்கவேண்டியதில்லை. தொட்டியை இரண்டடி நகர்த்தித் தீர்க்கவேண்டியதை விதியின் கணக்கில் எழுதுவது இரண்டாவது இழப்பு.

இதனைப் பகுத்தறிவின் பெயரால் பக்தியை ஏளனம் செய்யும் கட்டுரையாக எவரும் வாசிக்கவேண்டாம். இரவு பதினொரு மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒரு பூ விரிவதைக் காண ஒரு தெருவே படியேறி வருவது, நம் நகர வாழ்வில் எஞ்சியுள்ள நல்ல காரியங்களுள் ஒன்று. அவர்கள் கைகூப்பினால் கூப்பட்டும். அழகின் முன் கைகூப்புவது பிழையன்று. தெய்வப் பெயர் இடுவதும் பிழையன்று. நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பூவின் நடுவே சிறு திரட்சியும் அதன்மேல் படம் விரித்தாற்போன்ற மகரந்தத்தாள்களும் கண்ட நம்மவர் நாகலிங்கம் என்றனர். சிவன் கோயில்களில் நட்டனர். அப்பெயரை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். அது அந்தப் பூவைப் பார்த்தவர் இட்ட பெயர். வேறொரு செடியிடம் பறித்த பெயரன்று.

மக்கள் வழங்குவதே மொழி, இதில் பிழை காணப் புலவர் யார் என்பது மற்றொரு வாதம். சீனத்தைச் சான்றுகாட்டவும் செய்வர். அங்கே இதே செடிக்குத் தான்ஹுவா என்று பெயர். பௌத்த நூல்கள் போற்றும் உதும்பர மலரின் பெயர் சீன ஒலியில் திரிந்து, குறுகி, இக்காக்டஸின் மேல் வந்தமர்ந்தது. நொடியில் தோன்றி மறைவதைக் குறிக்கும் மரபுத்தொடராகவும் அது அங்கே வாழ்கிறது. உதும்பரம் வேறெதுவுமன்று, நம் அத்தி. அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்வதும் அதே மரத்தை வைத்துத்தான். அங்கே பெயர் இடம் மாறலாம், இங்கே ஆகாதா?

வேறுபாடு உண்டு. அத்தியின் பூ காய்க்குள்ளே ஒளிந்திருப்பது. கண்ணுக்குப் புலப்படாத அப்பூவின் பெயர் ஆளில்லா வீடாகக் கிடந்தது. அதில் வேறொரு பூ குடியேறியதால் எவரும் தெருவுக்கு வரவில்லை. பிரம்ம கமலம் ஆளில்லாப் பெயரன்று. உரியது உயிரோடிருக்கிறது, அல்லற்பட்டுக்கொண்டிருக்கிறது. மக்கள் வழக்கு என்பதும் முழு உண்மையன்று. இச்செடி வந்தபோது உடன்வந்த பெயரன்று இது. அச்சு ஊடகமும் தொலைக்காட்சியும் இன்று கைப்பேசியும் ஊதிப் பெருக்கிய பெயர்.

மக்கள் வழக்கின் ஆற்றலைக் காணவேண்டுமாயின் பிற அயல்பூக்களைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்து மாலையில் விரியும் பூவுக்கு அந்திமந்தாரை என்று பொழுதை முன்வைத்துப் பெயரிட்டனர். மடகாஸ்கரிலிருந்து வந்து நாளெல்லாம் பூப்பதற்கு நித்தியகல்யாணி என்றனர். இவற்றை இட்டவர் தாவரவியல் பயின்றவரல்லர், பார்த்தவர். இன்னும் பின்னே சென்றால் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள். அவற்றுள் ஒன்று நள்ளிருள்நாறி. நச்சினார்க்கினியர் அதனை இருவாட்சி என்பார். பூவின் நிறத்தையன்று, அது மணக்கும் பொழுதையே பெயராக்கிய மொழி இது. இப்படியொரு மொழியை வைத்துக்கொண்டு இரவில் மணக்கும் ஒரு விருந்தாளிக்குப் பெயர் தேடி இமயம்வரை போய்த் திருடிவருவது நாணத்தக்கது. நள்ளிருள்நாறியை எடுத்து இதற்குச் சூட்டிவிடலாமே என்று எவரேனும் கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறோம்: அதுவும் இருவாட்சியிடம் செய்யும் திருட்டே.

இதில் நம் இலக்கியவாதிகளின் பங்கும் குறைவன்று. நள்ளிரவு, தனிமை, காத்திருப்பு, ஒருநாள் வாழ்வு என்று படிமம் தேடும் கவிஞர்க்குப் பிரம்ம கமலம் கைக்கெட்டிய சொல்லாகிவிட்டது. சொல் கனமாக இருக்கிறது. செடி எதுவாயினும் என்ன என்பது அவர் நிலைப்பாடு போலும். பூவின் பெயரைக் கவிதையின் அணிகலனாக மட்டும் கருதுபவர்க்குத் திணைமரபைப் பற்றிப் பேச உரிமை ஏது? தமிழ் வகுப்பறைகளும் தொண்ணூற்றொன்பது பெயரையும் மனப்பாடப் பகுதியாக ஒப்பிக்கச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. சாளரத்துக்கு வெளியே நிற்கும் வேங்கையைக் காட்டுவோர் அரியர்.

பிறகு என்னதான் சொல்வது? மலையாளிகள் நிஷாகந்தி என்கிறார்கள். திருவனந்தபுரம் கனகக்குன்றில் ஒரு திறந்தவெளி அரங்குக்கே அப்பெயரை வைத்திருக்கிறார்கள். இரவில் மணப்பது என்பதற்கு மேல் அப்பெயர் எதையும் கோரவில்லை. நிசாகந்தி என்று நாமும் சொல்லலாம்; கடன்தான், ஆயினும் அதே செடியின் பெயர். வேண்டாமெனில் இரவுக்கள்ளி என்னலாம். சப்பாத்திக்கள்ளி காட்டிய வழி அது. இவற்றினும் பொருத்தமான ஒன்றை, மூன்றாண்டு நீரூற்றிக் காத்திருந்த ஒருவர் ஒருநாள் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அகராதிக்காரர்கள் அதனை எழுதிக்கொள்ளட்டும்.

அதுவரை செய்தியாளர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் படத்தை வெளியிடும்போது தெய்வத்தின் பெயரை விட்டுவிட்டு வளர்த்தவரின் பெயரை எழுதுங்கள். துண்டு எவரிடம் வாங்கினார், என்ன மண் கலந்தார், எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்று கேளுங்கள். அபூர்வம் என்னும் சொல்லை எழுதியே தீரவேண்டுமெனில் அவருடைய பொறுமைக்கு அடையாக எழுதுங்கள்; பொருத்தமாக இருக்கும்.