வீடு மாறப் போகிறோமா?

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் வீடு மாற நமக்கு இரண்டு சூட்கேசும் ஒரு நண்பரின் காரும் போதும். கட்டில், சோபா, பிள்ளைகளின் மேசை என்று சாமான் பெருகிய பின்னர் லொறிக்காரரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் கவனம் தேவை.

நம்மோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்ன கூலி 400 டொலர். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு 900 கேட்டார்கள்; தராவிட்டால் லொறிக் கதவைத் திறக்க மாட்டோம் என்றார்கள். உள்ளே கைக்குழந்தையின் தொட்டில். மனுசன் கடன் வாங்கிக் கொடுத்தார்.

வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்குவோம். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி அறவிட முடியாது. 400 என்றால் 440 தான் உச்சம். இடையில் மேலதிக வேலைக்கு நாமே சம்மதித்தால் கதை வேறு. ஆகவே அவசரத்தில் நீட்டும் தாளில் வாசிக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது.

மூன்று இடத்திலாவது விலை கேட்போம். நகருக்குள் என்றால் பெரும்பாலும் மணிக் கணக்கு. மொன்றியல் போன்ற தூர இடத்துக்குப் பெரும்பாலும் நிறைக் கணக்கு. மணி எப்போது தொடங்குகிறது, லொறி வந்துபோகும் நேரமும் சேருமா, படிக்கட்டுக்கு வேறு காசா, வரி சேர்ந்ததா என்று கேட்போம். தொடர்மாடியில் இருப்பவர்கள் லிப்டை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். லிப்டுக்குக் காத்து நிற்கும் நேரத்துக்கும் நாம்தான் காசு கட்டுவோம். மாத முடிவில் எல்லோரும் மாறுவதால் லொறி கிடைப்பது கஷ்டம். நடு மாதம் நல்லது.

உடைந்தால் என்ன தருவார்கள்? தனியாகக் காப்புறுதி எடுக்காவிட்டால் வழக்கமான கணக்கு இறாத்தலுக்கு 60 சதம். 40 இறாத்தல் தொலைக்காட்சி உடைந்தால் 24 டொலர் தான் கிடைக்கும்.

இரண்டு இறாத்தல் அல்பத்துக்கு அதே கணக்கில் ஒரு டொலர் 20 சதம். ஊரில் விட்டுவந்த அம்மாவின் படம், பிறப்புச் சான்றிதழ், குடிவரவுப் பத்திரங்கள், தாலிக்கொடி: இவற்றை லொறியில் ஏற்றவே வேண்டாம். ஒரு பையில் போட்டு நம் கையிலேயே கொண்டுபோவோம்.

ஆங்கிலம் போதாது என்று கூச்சப்பட வேண்டாம். ‘எழுதித் தாருங்கள்’ என்று கேட்க இரண்டு சொல் போதும். எழுதித் தர மறுப்பவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம்.