தவணை சம்பளத்தைப் பார்த்து வரட்டும்: கல்விக் கடன் குறித்து எங்கள் நிலைப்பாடு

கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் உட்கார்ந்து, வருபவர்கள் கொண்டுவரும் வங்கிக் காகிதங்களைப் படித்துச் சொல்கிறோம். இந்த அறிக்கையில் உள்ள பெரும்பாலானவை அந்த மாடியில் தெரிந்துகொண்டவை.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் பாஸ்புக், மூன்று வக்கீல் நோட்டீஸ், லேமினேட் செய்த மகனின் பி.இ. சான்றிதழ். கடைசியாக அந்தச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதத் திருப்பிக் குடுத்துட்டா கடன எடுத்துருவாங்களா?" அவருக்கு நாங்கள் அன்று சரியான பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அரசுக்கும் வங்கிக்கும் கல்லூரிக்கும் அனுப்பவே இதை எழுதுகிறோம்.

பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தால், பையன் முதல் செமஸ்டரில் இருக்கும்போதே வட்டி ஏறத் தொடங்கியிருந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. அந்த அம்மாவின் வருமானம் அதில் பாதிகூட இல்லை. ஆனால் வருமானச் சான்றிதழ் கொண்டுவரும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு நடை போயிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம், ஒரு லட்சத்துக்கும் மேல்.

கணக்கைச் சற்று விரித்துச் சொல்கிறோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டுப் பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, கடைசி ஆண்டுப் பணத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி என்று தனி வட்டியாகக் கூட்டினாலே 1.4 லட்சம் சேர்ந்துவிடும். ஆக, பையன் முதல் தவணை கட்டும்முன் கடன் 5.4 லட்சம். பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய் கட்ட வேண்டும். முடிக்கும்போது கையை விட்டுப் போயிருக்கும் பணம் எட்டரை லட்சத்துக்கும் மேல். அந்த அம்மாவின் மகனுக்குப் படிப்பு முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்துக் கிடைத்த வேலையில் சம்பளம் 14,000 ரூபாய். அதில் சென்னையில் மேன்ஷன் வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ் போக என்ன மிஞ்சும் என்று மாதத் தவணையை நிர்ணயித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

கல்விக் கடனின் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. கடன் காலண்டரைப் பார்க்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டு ஆனதா, தவணை வந்துவிடும். வேலை கிடைத்ததா, கிடைத்த வேலையில் எவ்வளவு வருகிறது என்று அது கேட்பதே இல்லை. மூன்று மாதத் தவணை தவறினால் கணக்கு வாராக் கடன் ஆகிறது, சிபில் மதிப்பெண் சரிகிறது, கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கு வேறு கடன் வாங்குவது சிரமமாகிறது. இருபத்துமூன்று வயதில் ஒரு பிள்ளை ஊருக்குள் தலைகுனிந்து நடக்க வேண்டியதாகிறது.

"இவ்வளவு கடன் வாங்கி எதற்குப் படிக்க வேண்டும், ஐ.டி.ஐ. படித்தால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஐ.டி.ஐ. படிப்பின் மீது எங்களுக்கு முழு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை வசதியான வீட்டுப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. 2021-22 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி உயர்கல்வியில் சேரும் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4 சதவீதம். இங்கே முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் என்று பல அரசுகள் போட்ட படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் ஏறி வந்தவரிடம் மேலே வந்த பிறகு "ஏன் ஏறினாய்?" என்று கேட்பது அநியாயம்.

அதே நேரத்தில், பட்டம் தானாக வேலை தந்துவிடும் என்ற நம்பிக்கையையும் நாங்கள் வளர்க்க மாட்டோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம் என்றது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கிடைத்த கூலிக்குப் போகிறார், போகாவிட்டால் அடுப்பு எரியாது. பட்டதாரி காத்திருக்கிறார். அவர் காத்திருக்கும் மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேருபவருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற தொடக்கச் சம்பளம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அநேகமாக அசையாமல் நிற்கிறது. விடுதிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அப்படி நிற்கவில்லை.

இதில் கல்லூரிகளின் பங்கைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே பேராசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்தது 2024இல் தமிழ்நாட்டில் அம்பலமானது. வகுப்புக்கு வராத ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் மாணவர் கட்டணம் கட்டினார், அந்தக் கட்டணத்துக்குத்தான் வங்கி கடன் கொடுத்தது. வங்கி செமஸ்டர்தோறும் பணத்தை நேராகக் கல்லூரிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறது. படிப்பு வேலை தராமல் போனால் நட்டம் மாணவருக்கு, கடன் வராமல் போனால் நட்டம் வங்கிக்கு. கல்லூரிக்கு மட்டும் எந்த நட்டமும் இல்லை. இது மாற வேண்டும். எத்தனை பேருக்கு, எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்ற விவரத்தைத் தணிக்கை செய்து, கலந்தாய்வுக்கு முன்பே பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பேனரில் "100% பிளேஸ்மென்ட்" என்று போட்டு ஆள் சேர்க்கும் கல்லூரி, அதற்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால் வாங்கிய கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும்.

எங்கள் முதல் கோரிக்கை, தவணையைச் சம்பளத்தோடு இணைக்க வேண்டும் என்பது. மாதச் சம்பளம் 20,000 ரூபாயைத் தாண்டும்வரை தவணை கேட்கக் கூடாது. தாண்டிய பிறகு சம்பளத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் வருமானம் ஓர் அளவைக் கடந்த பிறகே, வரியோடு சேர்த்துக் கல்விக் கடனை வசூலிக்கிறார்கள். இங்கே யாருக்கு என்ன சம்பளம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: அமைப்புசார் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வருங்கால வைப்பு நிதி எண் இருக்கிறது. விவரம் அரசின் கையிலேயே உள்ளது.

இரண்டாவது, படிக்கும் காலத்து வட்டி. 7.5 லட்சம் வரையான எல்லாக் கல்விக் கடனுக்கும் அதை அரசே ஏற்க வேண்டும், விண்ணப்பிக்காதவருக்கும் அது தானாகக் கிடைக்க வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தை வரவேற்கிறோம். ஆனால் அது தரவரிசையில் முன்னணியில் இருக்கும் நிறுவனங்களுக்கானது, ஒப்புதல் பெற்றபோது அவை 860. எங்கள் மாடிப்படி ஏறி வருபவர்களில் பெரும்பாலானோர் ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளில் படித்தவர்கள். உதவி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

முழுத் தள்ளுபடி பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தம் இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்: தேர்தல்தோறும் தள்ளுபடி வாக்குறுதி தருவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். தள்ளுபடி வரவில்லை, வட்டி வந்தது. இன்னொன்று, வங்கியில் கடன் மறுக்கப்பட்டு, தாலிக்கொடியை அடகு வைத்தும் கந்துவட்டிக்கு வாங்கியும் படிக்க வைத்தவர்களுக்குத் தள்ளுபடியால் ஒரு பைசா கிடைக்காது. கேரள அரசு 2017இல் செய்ததைப் போல, முதல் சில ஆண்டுத் தவணையில் ஒரு பங்கை அரசு ஏற்று, அந்தப் பங்கை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டு வருவது இதைவிட நேர்மையான வழி.

வங்கிகளிடம் சொல்ல வேண்டியது இரண்டு. 7.5 லட்சம் வரையான கடனுக்கு 2015 முதல் மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது, வராமல் போனதில் 75 சதவீதத்தை அது ஈடுகட்டும். அந்த வரம்புக்குள் வீட்டுப் பத்திரம் கேட்பதையும், "உங்க ஏரியா பிராஞ்சுக்குப் போங்க" என்று அலையவிடுவதையும் நிறுத்துங்கள். அடுத்து, வசூல். முன்பு ஒரு பொதுத்துறை வங்கி தன் வாராக் கல்விக் கடன்களில் ஒரு பகுதியைப் பாதிக்கும் குறைவான விலைக்குத் தனியார் நிறுவனத்துக்கு விற்றது. அந்த நிறுவனத்துக்குக் காட்டிய சலுகையைக் கடன் வாங்கிய மாணவரிடம் முதலில் காட்டியிருக்கலாமே. கல்விக் கடனை மூன்றாம் நபருக்கு விற்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.

கடன் வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள்: வருமானச் சான்றிதழை முதல் ஆண்டே வங்கியில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் எழுதி வாங்குங்கள். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூல் ஏஜென்ட் அழைக்கக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. அழைத்தால் நேரத்தைக் குறித்துவைத்துப் புகார் கொடுங்கள். நோட்டீஸ் வந்தால் பிரிக்காமல் பையில் போட்டு வைக்காதீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் அந்த டியூஷன் சென்டர் மாடியில் இருப்போம்.