அசையாதே என்று சொன்னது யார்?

ஓவியங்களைப் பார்த்துக் குறுங்கவிதை எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'மௌனம்' என்ற சொல்லைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிடுங்கள். கூடவே 'புதிர்', 'ஏக்கம்', 'உறைந்த கண்ணீர்' ஆகிய மூன்றையும்.

மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் ஓர் ஓவியத்தின் முன் நிறுத்தி ஐந்து வரி எழுதச் சொல்வது நல்ல பயிற்சி. நானும் அழைத்துப்போகிறவள்தான். என் சண்டை அந்தப் பயிற்சியோடு இல்லை, அதிலிருந்து வரும் கவிதைகளோடு. ஓவியத்தில் மரம் இருந்தால் அதை மரமாகப் பார்த்து எழுதுகிறோம். பெண் இருந்தால், அவள் நமக்காகவே காத்திருப்பதாக எழுதுகிறோம். ஓவியன் ஒருமுறை பார்த்த கழுத்தையும் இடுப்பையும் கவிஞன் மறுமுறை பார்க்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது. அதற்குப் பெயர் ரசனை.

ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். ஜான் எவரெட் மில்லேய் 1851-52இல் வரைந்த 'ஒஃபீலியா'. லண்டனில் டேட் பிரிட்டன் கூடத்தில் இருக்கிறது. நம்மில் பலர் கைப்பேசித் திரையில் பார்த்திருப்போம். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் நீரில் மூழ்கிச் சாகும் பெண் அவள். ஓவியத்தில் பூக்களுக்கு நடுவே மிதக்கிறாள். கைகள் விரிந்திருக்கின்றன, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இதைப் பற்றி எழுதப்படும் தமிழ்க் குறுங்கவிதை எப்படி இருக்கும் என்று உங்களால் இப்போதே சொல்லிவிட முடியும். நீர், பூ, மரணம், மௌனம். வரிக்கு ஒரு சொல்.

அந்தப் பெண் கிடந்தது ஆற்றில் இல்லை, குளியல் தொட்டியில். ஓவியத்தில் மிதப்பவள் 'அவள்'. தொட்டியில் கிடந்தவர் 'அவர்'. பெயர் எலிசபெத் சிட்டல், வயது 22, தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். குளிர்காலம். தண்ணீர் சூடாக இருக்கத் தொட்டிக்கு அடியில் விளக்குகளை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருநாள் விளக்குகள் அணைந்துபோயின. வரைந்துகொண்டிருந்தவர் கவனிக்கவில்லை. கிடந்தவர் சொல்லவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. பிறகு கடுமையாகச் சளி பிடித்தது. அவருடைய அப்பா, மருத்துவச் செலவுக்கு 50 பவுண்டு கேட்டு மில்லேய்க்குக் கடிதம் எழுதினார்.

குளிர்கிறது என்று சிட்டல் ஏன் சொல்லவில்லை? சொன்னால் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தாரா? நம் ஊர்த் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். அவர்கள் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஒருத்தியை உட்காராதே என்கிறார்கள், ஒருத்தியை அசையாதே என்கிறார்கள். இரண்டும் வேலை. வேலையில் இருக்கிறவளைப் பார்த்து 'மௌனத்தின் பேரழகு' என்று எழுத நமக்குக் கூச்சமாக இருக்க வேண்டாமா?

இன்னும் இருக்கிறது. சிட்டல் ஓவியர், கவிஞர். ஓவியரும் கவிஞருமான தாந்தே கேப்ரியல் ரொசெட்டி அவரை 1860இல் மணந்தார். 1862இல் சிட்டல் இறந்தபோது, ரொசெட்டி தன் கவிதைகளின் கையெழுத்துப்படியைச் சவப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்தார். 1869இல் குழியைத் தோண்டி, பெட்டியைத் திறந்து, அந்தக் கவிதைகளை வெளியே எடுக்கச் செய்தார். மறு ஆண்டு அவை நூலாக வந்தன. சிட்டல் எழுதிய கவிதைகளோ அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவே இல்லை. ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்துகூட ஆணின் கவிதைதான் எழுந்து வந்திருக்கிறது. இதற்கு மேல் அந்த முகத்துக்கு நாம் மௌனம் என்று பெயர் வைக்கிறோம்.

இதை அன்றே பார்த்துவிட்ட பெண் ஒருவர் உண்டு. ரொசெட்டியின் தங்கை கிறிஸ்டினா. அண்ணனின் ஓவிய அறையைப் பற்றி 1856இல் 14 வரிக் கவிதை எழுதினார். எல்லாப் படத்திலும் ஒரே பெண் இருக்கிறாள், ஆனாலும் அந்தப் பெண் அங்கே இல்லை என்பதுதான் அவர் கண்டது. அது அச்சில் வந்தது 1896இல், அவர் இறந்த பிறகு.

"கவிதை என்ன வரலாற்று நூலா? குறுங்கவிதையில் இதற்கெல்லாம் இடம் ஏது?" என்று கேட்பீர்கள். இடத்தைப் பற்றித் தமிழ் படித்தவர்கள் பேசலாமா? குறுந்தொகைப் பாட்டு நான்கடி முதல் எட்டடி. அதற்குள் யார், யாரிடம், எந்த நிலைமையில் பேசுகிறார் என்பது அடங்கிவிடுகிறது. தலைவி கூற்று, தோழி கூற்று என்று வகுத்துத்தான் படிக்கிறோம். அகப்பாட்டில் புலவர் தன் பேச்சை ஒரு மாந்தரிடம் ஒப்படைத்தாக வேண்டும். பெண் குரலை ஆண் புலவர்கள் எடுத்துக்கொண்டதும் அங்கே நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் 'பேசுவது யார்' என்ற கேள்வியையாவது அந்த மரபு விடாமல் கேட்டது. நம் ஓவியக் கவிதைகளில் அதுவும் இல்லை.

இதை ஒரு மாணவி எனக்கு முன்பே செய்து காட்டினாள். ஓர் இலக்கிய அமைப்பு நடத்திய போட்டியில் ரவி வர்மாவின் சகுந்தலை படத்தைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து, சகுந்தலை திரும்பி துஷ்யந்தனைத் தேடுகிற படம். எத்தனையோ தமிழ் வீடுகளில் காலண்டராகத் தொங்கியது. மற்றவர்கள் அவள் விழியை எழுதினார்கள். என் மாணவி, சகுந்தலை கை ஊன்றியிருக்கும் தோளை எழுதினாள். தோழி கூற்று. உன் காலில் முள் இல்லை என்று எனக்குத் தெரியும், சீக்கிரம் பார்த்து முடி, தோள் வலிக்கிறது என்பது அதன் பொருள். மொத்தம் ஆறு வரி.

"இது கவிதை இல்லை, புகார்" என்றார் நடுவர். பரிசு விழிக்குப் போனது.

புகார்தான், ஐயா. தோழி கூற்றிலிருந்து புகாரை எடுத்துவிட்டால் சங்க அகத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். 19 வயதுப் பெண் ஒருத்தி, தாங்கி நிற்கிறவளின் வலியைக் கண்டுபிடித்து எழுதுகிறாள். அது கவிதை இல்லை என்று மேடையில் சொன்னால், அறையில் இருக்கும் எல்லாப் பெண்களும் பாடம் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை அவர்களும் விழியைத்தான் எழுதுவார்கள். தங்களையே அப்படித்தான் பார்க்கவும் பழகுவார்கள். எனக்குக் கோபம் அந்தப் பரிசைப் பற்றி இல்லை, இந்தப் பழக்கத்தைப் பற்றி.

ஓவியத்தின் பக்கத்தில் ஒரு சிறிய அட்டை இருக்கும். வரைந்தவர் பெயர், ஆண்டு, எண்ணெய் வண்ணமா நீர் வண்ணமா, நீளம், அகலம் எல்லாம் அதில் இருக்கும். அசையாமல் இருந்து கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. எழுதுவதற்கு முன் அந்த அட்டையைப் படியுங்கள். பெயர் இல்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒஃபீலியாவைப் பற்றித்தான் எழுதுவேன் என்றால், விளக்கு அணைந்த அந்த நிமிடத்தை எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஐந்து வரி தாராளம்.